கடலடிச் சுரங்கத்தில் சைக்கிள்: யாரும் போகாத மூன்றாவது பாதை

லண்டனிலிருந்து பாரிஸுக்குச் சைக்கிளிலேயே போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கென்ட் பகுதியின் மேடு பள்ளங்களை மிதித்துக் கடந்து டோவர், ஃபோக்ஸ்டன் பக்கம் வந்து சேர்ந்தால், வானம் தெளிந்த நாளில் எதிர்க்கரையில் பிரான்ஸ் ஒரு வெளுத்த கோடாகத் தெரியும். கடல் மிகக் குறுகியிருக்கும் இடத்தில் அகலம் சுமார் 33 கி.மீ. தான். சாலை மட்டும் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். கப்பலிலோ ரயிலிலோ ஏற்றித்தான் அதை அக்கரை சேர்க்க முடியும்.

இத்தனைக்கும் கடலுக்கு அடியில் இரண்டு நாடுகளையும் இணைக்கும் ரயில் சுரங்கம் ஒன்று, சேனல் டனல் என்ற பெயரில், 1994 முதல் இயங்குகிறது. அதற்குள் சிமென்ட் தளம் போட்ட, சைக்கிள் தாராளமாகப் போகக்கூடிய பாதை ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலான நேரம் அதில் ஈ காக்கை கிடையாது. அப்புறம் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

பதில் தேடிப் போனால் அந்தச் சுரங்கம் மொத்தமும் எப்படி வேலை செய்கிறது என்பதே விளங்கிவிடும். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டாம். தெருமுனைச் சைக்கிள் கடையில் பார்த்த இரண்டு சாமான்கள் போதும்: காற்றடிக்கும் பம்ப் ஒன்று, டியூப் ஒன்று.

ஒன்றல்ல, மூன்று

கடலடிச் சுரங்கம் என்றதும் பலருக்கு மனதில் வருவது மீன் காட்சியகத்தில் இருப்பது போன்ற கண்ணாடிக் குழாய். தலைக்கு மேல் சுறா நீந்தும், நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகலாம் என்ற கற்பனை. உண்மையில் அங்கே ஒரு சொட்டுக் கடலையும் பார்க்க முடியாது. சுரங்கம் தண்ணீருக்குள் கிடக்கவில்லை; கடலின் தரைக்கும் கீழே, பாறைக்குள் போகிறது. மிக ஆழமான இடத்தில் கடல் தரையிலிருந்து 75 மீட்டர் கீழே.

லண்டனிலும் பாரிஸின் லா சப்பெல் பக்கத்திலும் சொந்தபந்தம் வைத்திருக்கும் தமிழர்கள் கல்யாணம், காரியம் என்று காரோடு இந்த ரயிலில் ஏறி இறங்கிப் பழகியவர்கள். அவர்களைக் கேட்டால் கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். காரை ஓட்டிக்கொண்டு போய் ரயில் பெட்டிக்குள் நிறுத்தினோம், 35 நிமிடம் காரிலேயே உட்கார்ந்திருந்தோம், வெளியே வந்தால் பிரான்ஸ். ஜன்னலுக்கு வெளியே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

அந்த இருட்டில் அவர்கள் பார்க்காதது பக்கத்திலேயே ஓடும் இன்னும் இரண்டு சுரங்கங்களை. மொத்தம் மூன்று. இரண்டு ஓரங்களிலும் ரயில் ஓடும் பெரிய சுரங்கங்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 7.6 மீட்டர். ஒன்றில் பிரான்ஸை நோக்கி ரயில் போகும், மற்றதில் இங்கிலாந்தை நோக்கி வரும். இரண்டுக்கும் இடையே 30 மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியின் நடுவில் 4.8 மீட்டர் விட்டத்தில் சிறியதாக மூன்றாவது சுரங்கம். அதில் தண்டவாளம் கிடையாது. சேவைச் சுரங்கம் என்று பெயர். நம் கதை நடப்பது இதில்தான்.

மூன்றும் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் அருகே தொடங்கி, பிரான்சின் கலே நகரத்தை ஒட்டிய கொக்கெல் அருகே வெளிவருகின்றன. நீளம் 50.45 கி.மீ. அதில் கடலுக்கு அடியில் மட்டும் ஏறத்தாழ 38 கி.மீ. ஜப்பானின் செய்கான் சுரங்கம் மொத்த நீளத்தில் இதைவிடப் பெரியது, 53.85 கி.மீ.; ஆனால் அதில் கடலுக்கு அடியில் இருப்பது 23 கி.மீ. சொச்சம்தான்.

சின்னவன்தான் முதலில் பிறந்தவன்

இதில் ஒரு வேடிக்கை, முதலில் தோண்டப்பட்டதே இந்தச் சின்னச் சுரங்கம்தான். பெரிய இயந்திரங்களைப் பெரிய சுரங்கங்களுக்குள் இறக்குவதற்கு முன்னால், முன்னே இருக்கும் பாறை எப்படிப்பட்டது, எங்கே வெடிப்பு, எங்கே நீர்க்கசிவு என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு ஆழம் பார்க்க அனுப்பிய ஆள் இவன்.

தோண்டத் தேர்ந்தெடுத்த மண்ணும் நல்ல மண். சுண்ணாம்பும் களியும் கலந்த மென்பாறை அடுக்கு ஒன்று அந்தக் கடல் தரைக்குக் கீழே விரிந்து கிடக்கிறது. வெட்டுவதற்கு மெத்து, தண்ணீரை உள்ளே விடாத அளவுக்கு இறுக்கம். சுரங்கம் நேர்கோடாகப் போகாமல் அந்த அடுக்கு ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கிப் போகிறது. பிரான்ஸ் பக்கம் பாறையில் வெடிப்பு அதிகம் என்பதால், அங்கே நீரின் அழுத்தத்தைத் தாங்கும்படி அடைப்புள்ள இயந்திரங்களைச் செய்தார்கள். இரு கரைகளிலும் சேர்த்து மொத்தம் 11 தோண்டும் இயந்திரங்கள்.

இரண்டு பக்கத்திலிருந்தும் சேவைச் சுரங்கத்தை வெட்டிக்கொண்டு வந்தவர்கள் 1990 டிசம்பர் 1 அன்று கடலுக்கடியில் சந்தித்தார்கள். இங்கிலாந்தின் கிரஹாம் ஃபேகும் பிரான்சின் ஃபிலிப் கோசெட்டும் ஓட்டை வழியாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். அத்தனை கிலோமீட்டர் இருட்டில் குடைந்து வந்த இரண்டு துளைகளும் பக்கவாட்டில் விலகியிருந்தது 358 மில்லிமீட்டர், மேல்கீழாக 58 மில்லிமீட்டர். ஒரு முழத்துக்கும் குறைவு. இதை நான் எப்போது படித்தாலும் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கும்போது எனக்கு நேரும் விலகலை நினைத்துக்கொள்வேன்.

பிறகு 1994 மே 6 அன்று எலிசபெத் அரசியும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் திறந்துவைத்தார்கள். பெரிய சுரங்கங்கள் இரண்டும் புகழடைந்தன. சின்னவனை எல்லாரும் மறந்துபோனார்கள்.

பம்ப்

இப்போது சைக்கிள் கடைக்கு வருவோம். பம்பின் கைப்பிடியை அழுத்தினால் உள்ளே இருக்கும் வட்டத் தட்டு காற்றை முன்னால் தள்ளுகிறது. வாயை விரலால் பொத்திக்கொண்டு அழுத்தினால் கை திணறும். வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும்.

குழாய்க்குள் ஓடும் ரயிலும் அந்தத் தட்டு மாதிரிதான். வெட்டவெளியில் ரயில் போனால் காற்று அக்கம்பக்கம் ஒதுங்கிவிடும். சுரங்கத்துக்குள் ஒதுங்க ஏது இடம்? கார்களை ஏற்றிய ரயில் மணிக்கு 140 கி.மீ. வேகத்திலும், பாரிஸ் போகும் யூரோஸ்டார் 160 கி.மீ. வேகத்திலும் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போகின்றன. முன்னால் அழுத்தம் கூடும், பின்னால் குறையும். ரயிலுக்கு அது பெரிய பாரம். மின்சாரம் வீணாகும், சூடு ஏறும்.

இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். ரயில் சுரங்கங்கள் இரண்டையும் 250 மீட்டருக்கு ஒரு முறை 2 மீட்டர் விட்டமுள்ள குழாயால் இணைத்திருக்கிறார்கள். ஒரு சுரங்கத்தில் ரயில் தள்ளும் காற்று அந்தக் குழாய் வழியாக மற்றச் சுரங்கத்துக்குத் தப்பித்துப் போகும். நடுவில்தான் சின்னச் சுரங்கம் குறுக்கே இருக்கிறதே? குழாய்கள் அதைத் தொடாமல், அதன் தலைக்கு மேலே வளைந்து தாண்டிப் போகின்றன. ஆக, சேவைச் சுரங்கத்தில் ஒருவர் சைக்கிள் ஓட்டினால், இருபுறமும் பதினைந்து மீட்டர் தள்ளி ரயில்கள் பறந்துகொண்டிருக்கும், அவை தள்ளும் காற்று அவர் தலைக்கு மேலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டிருக்கும், அவருக்கு ஒரு முடி அசையாது.

சூட்டுக்கும் தனியாக ஏற்பாடு உண்டு. ரயில் சுரங்கங்களின் ஓரமாகக் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். இங்கிலாந்துப் பக்கம் ஷேக்ஸ்பியர் குன்று அருகேயும் பிரான்ஸ் பக்கம் சாங்காத்திலும் உள்ள நிலையங்களில் நீரைக் குளிரூட்டி அனுப்புகிறார்கள். இது இல்லாவிட்டால் உள்ளே வெப்பம் 50 பாகையை எட்டிவிடும் என்பது கணக்கு.

டியூப்

பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பார். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். சிறுவயதில் அந்தத் தொட்டி அருகே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: ஓட்டை வழியாகக் காற்று வெளியே வருகிறதே, தண்ணீர் ஏன் உள்ளே போகவில்லை? விடை எளிது. உள்ளே அழுத்தம் அதிகம். அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் காற்று பாயும். பாயும் காற்றை எதிர்த்துத் தண்ணீர் உள்ளே நுழைய முடியாது.

சேவைச் சுரங்கம் மொத்தமும் காற்றடித்த ஒரு டியூப். ஷேக்ஸ்பியர் குன்று, சாங்காத் இரண்டு இடங்களிலிருந்தும் பெரிய விசிறிகள் அதற்குள் வெளிக்காற்றை ஓயாமல் தள்ளுகின்றன. ரயில் சுரங்கங்களைவிட அதில் அழுத்தம் எப்போதும் சற்று கூடுதலாக இருக்கும். இரு முனைகளிலும் காற்று தப்பாமல் இருக்க இரட்டைக் கதவுப் பூட்டறைகள். 375 மீட்டருக்கு ஒரு முறை குறுக்கு வழி ஒன்று, கதவோடு, ரயில் சுரங்கங்களுக்குள் திறக்கும்.

ரயிலில் தீப்பிடித்தால் என்ன நடக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ரயில் நிற்கிறது. பயணிகள் இறங்கி, பக்கத்தில் இருக்கும் குறுக்கு வழிக் கதவைத் திறக்கிறார்கள். கதவு திறந்ததும் சேவைச் சுரங்கத்தின் காற்று அவர்கள் முகத்தில் அடிக்கிறது. புகை அவர்களைப் பின்தொடர்ந்து உள்ளே வர முடியாது. டியூபுக்குள் தண்ணீர் நுழைய முடியாதது போல. உள்ளே போய்விட்டால் நல்ல காற்று, வெளிச்சம், மீட்பு வண்டி வரும் பாதை.

காகிதத்தில் மட்டும் உள்ள ஏற்பாடு இல்லை இது. 1996 நவம்பர் 18 அன்று லாரிகளை ஏற்றிய ரயில் ஒன்று ரயில் சுரங்கத்துக்குள் தீப்பற்றி எரிந்தது. 2008 செப்டம்பர் 11 அன்று இன்னொன்று. அந்தத் தீ 16 மணி நேரம் எரிந்தது, வெப்பம் 1000 பாகை வரை போனது. கான்கிரீட் உரிந்து உதிர்ந்தது. சிலருக்குப் புகையால் மூச்சுத்திணறல் வந்தது, ஆனால் இரண்டு முறையும் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. எல்லாரும் வெளியேறியது இந்தச் சின்னச் சுரங்கத்தின் வழியாகத்தான்.

சைக்கிளுக்கு ஏன் இடமில்லை என்பதற்கான பதில் இங்கே கிடைக்கிறது. பாதை காலியாக இருக்கிறதே, விட்டால் என்ன என்று கேட்கிறோம். காலியாக இருப்பதுதான் அந்தப் பாதை செய்யும் வேலை. தீயணைப்பு வண்டி நிறுத்தக் கோடு போட்டு வைத்திருக்கும் இடம் நாள் முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது என்று அங்கே தள்ளுவண்டி போட முடியாது இல்லையா, அதே கதைதான்.

அங்கே ஓடும் வண்டிகளும் விசேஷமானவை. ரப்பர் டயர் போட்ட ஒடுக்கமான வண்டிகள். 4.8 மீட்டர் குழாய்க்குள் அவற்றைத் திருப்ப முடியாது என்பதால் முன்னும் பின்னும் இரண்டு ஓட்டுநர் அறைகள். திரும்பி வர வேண்டுமானால் ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். தரையில் புதைத்த கம்பியைப் பின்பற்றி வண்டி தானே வளைந்து போகும் வசதியும் உண்டு. பராமரிப்பு ஆட்கள், தீயணைப்புப் படை, மருத்துவ உதவி எல்லாம் இவற்றில்தான் போய்வருகின்றன. எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் கடக்கும் அளவுக்குத்தான் இடம். அந்த நேரத்தில் நடுவில் சைக்கிளில் ஒரு குடும்பம், பின்னால் கேரியரில் குழந்தையோடு போய்க்கொண்டிருந்தால் என்னவாகும்?

55 நிமிடம்

இத்தனை சொன்ன பிறகும், ஒருவர் அதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். கிறிஸ் ஃப்ரூம். நைரோபியில் பிறந்து பிரிட்டனுக்காக ஓட்டியவர், 2013 டூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தில் வென்றவர். 2014இல் அந்தப் பந்தயம் பிரான்சில் தொடங்காமல், ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்கியது. அதையொட்டி ஜாகுவார் கார் நிறுவனத்தின் ஏற்பாட்டில், சிறப்பு அனுமதியோடு, ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்ஸ் வரை சேவைச் சுரங்கத்தில் அவர் தனியாக மிதித்தார். 55 நிமிடத்துக்குள் முடித்தார். சுரங்கம் முழுவதையும் தனி ஆளாகச் சைக்கிளில் கடந்த முதல் மனிதர் என்று அப்போது அறிவித்தார்கள். விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் நல்ல விளம்பரம்.

50 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் என்றால் சராசரி மணிக்கு 55 கி.மீ. வேகம். உச்ச வேகம் 65ஐத் தொட்டதாகச் சொன்னார்கள். சராசரி எவ்வளவு கடினம் என்று புரிய ஒரு கணக்கு. சாதாரணமாக நாம் மிதிப்பது மணிக்கு 18 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அவர் வேகம் நம்முடையதைப்போல் மூன்று மடங்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; அதை வெல்லத் தேவையான ஆற்றல் கன மடங்கில் ஏறும். அதாவது மூன்று மடங்கு வேகத்துக்கு மூன்று மடங்கு உழைப்பு போதாது, காற்றைக் கிழிக்க மட்டுமே 27, 28 மடங்கு உழைக்க வேண்டும்.

அவருக்குச் சாதகமாகச் சில விஷயங்கள் இருந்தன. மழை, வெயில், குறுக்குக் காற்று கிடையாது. ஏற்றமும் பெரிதாக இல்லை. ரயிலுக்காக அமைத்த பாதை என்பதால் சரிவு 100 மீட்டருக்கு 1.1 மீட்டரைத் தாண்டாது. நார்வேயின் வடகோடியில் வடமுனைச் சுரங்கம் என்று ஒரு கடலடிச் சாலைச் சுரங்கம் இருக்கிறது. 212 மீட்டர் ஆழம், நீளம் 6.9 கி.மீ. மட்டுமே. அதில் சைக்கிளை அனுமதிக்கிறார்கள், ஆனால் சரிவு 9 விழுக்காடு. இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை வலிக்கும், ஏறும்போது நாக்குத் தள்ளிவிடும். கார், லாரிக்காக வெட்டிய சுரங்கத்துக்கும் ரயிலுக்காக வெட்டிய சுரங்கத்துக்கும் அவ்வளவு வித்தியாசம்.

பாதகமும் உண்டு. காற்று இரண்டு கரைகளிலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளப்படுகிறது என்று பார்த்தோம். அப்படியானால், என் கணக்குப்படி, முதல் பாதியில் லேசாக முதுகைத் தள்ளும் காற்று, இரண்டாம் பாதியில் அதுவே எதிர்க்காற்று. கால் களைத்துப்போன நேரத்தில்தான் எதிர்க்காற்று வரும் என்பது சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த துயரம்.

அதைவிடப் பெரிய சோதனை கண்ணுக்கு. வெளியில் ஓட்டும்போது மரம், வீடு, மைல்கல் எல்லாம் நாம் நகர்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரே சாம்பல் நிறக் குழாய், ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி குழாய்த்தடங்கள், திரும்பத் திரும்ப வரும் குறுக்குவழிக் கதவுகள். ஃப்ரூம் வேகத்தில் 24 விநாடிக்கு ஒரு கதவு. நாம் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட கதவுகளை எண்ணி முடிக்கும்போது மூன்று மணி இருபது நிமிடம் ஆகியிருக்கும். நடுவில் தொடை பிடித்துக்கொண்டால் உட்காரத் திண்ணை கிடையாது. பஞ்சரானால் சொல்லவே வேண்டாம்.

கடிகாரம் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. பிரான்ஸ் நேரம் பிரிட்டன் நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. காலை 9 மணிக்குக் கிளம்பி 55 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாலும் அங்கே சுவர்க்கடிகாரம் 10:55 காட்டும்.

அந்த ஆண்டுப் பந்தயத்தில் ஃப்ரூமுக்கு அதிர்ஷ்டம் இல்லை. விழுந்து அடிபட்டு ஐந்தாவது கட்டத்திலேயே விலகிவிட்டார். கடலுக்கடியில் பத்திரமாகப் போய்வந்தவரை மழையில் நனைந்த சாலை கவிழ்த்துவிட்டது.

இதற்கு இருபது ஆண்டு முன்னால், சுரங்கம் திறந்த 1994 கோடையிலேயே டூர் தெ ஃபிரான்ஸ் இங்கே வந்தது. கலேயில் தொடங்கிச் சுரங்க நிலையம் வரை அணிகளுக்கான ஒரு கட்டம். மறுநாளைக் கட்டம் டோவரில் தொடக்கம். நடுவில் கடலை வீரர்கள் எப்படிக் கடந்தார்கள்? உலகின் தலைசிறந்த சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் ரயிலேறித்தான்.

அழைப்பில்லாமல் நடந்தவர்

சைக்கிள் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பயணம் உண்டு. 2015 ஆகஸ்டில் சூடான் நாட்டிலிருந்து வந்த ஒருவர் பிரான்ஸ் பக்கம் நுழைந்து, சுரங்கத்தின் ஏறத்தாழ முழு நீளத்தையும் நடந்தே கடந்தார். சேவைச் சுரங்கத்தில் அல்ல, ரயில் ஓடும் சுரங்கத்தில். இருட்டு, மேலே 25,000 வோல்ட் மின்கம்பி, பக்கத்தில் மணிக்கு 140, 160 கி.மீ. வேகத்தில் ரயில்கள், அவை தள்ளிவரும் காற்று. ஃபோக்ஸ்டன் முனைக்கு அருகே பிடிபட்டார். ரயில் இயந்திரத்துக்கு இடையூறு செய்ததாக 1861ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குப் பிரிட்டன் தஞ்சம் அளித்தது.

சாதாரணமாக இந்த எல்லையைத் தாண்டும்போது இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் கிளம்பும் கரையிலேயே முடிந்துவிடும். பிரெஞ்சு அதிகாரிகள் ஃபோக்ஸ்டனில் உட்கார்ந்திருப்பார்கள், பிரிட்டிஷ் அதிகாரிகள் கொக்கெலில். அக்கரையில் இறங்கியதும் நேரே சாலைக்குப் போய்விடலாம். அந்தச் சோதனையைத் தாண்ட முடியாதவர்களுக்குத்தான் இருட்டு வழி.

முதலிலேயே சாலை போட்டிருக்கலாமே?

கேட்கத் தோன்றும். 1980களில் கேட்கவும் செய்தார்கள். பாலம், பாதிப் பாலம் பாதிச் சுரங்கம், காரை ஓட்டிச் செல்லும் சுரங்கம் என்று பல திட்டங்கள் போட்டிக்கு வந்தன. பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குக் காரிலேயே போகும் வழிதான் பிடித்திருந்தது. 1986 ஜனவரியில் தேர்வானது ரயில் சுரங்கம். 50 கி.மீ. குழாய்க்குள் ஆயிரக்கணக்கான கார்கள் புகை கக்கினால் அதை வெளியேற்றுவது எப்படி? அரை மணிக்கும் மேலாக ஒரே மாதிரி சுவரைப் பார்த்து ஓட்டும் ஓட்டுநர் கண் செருகாமல் இருப்பாரா? மின்ரயிலில் இந்த இரண்டு தலைவலியும் கிடையாது. கார் ஓட்டுகிறவருக்கே இந்த நிலை என்றால் சைக்கிளைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்!

இன்னும் பின்னால் போனால், 1802இல் ஆல்பர்ட் மாத்தியூ என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் குதிரை வண்டிகள் போகும் சுரங்கம் ஒன்றை வரைந்து காட்டினார். எண்ணெய் விளக்கு வெளிச்சம், குதிரை மாற்ற நடுக்கடலில் ஒரு செயற்கைத் தீவு. மூச்சுவிடக் காற்றும் இளைப்பாற இடமும் வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார் பாருங்கள்.

நீருக்கடியில் சைக்கிளோடு போகக்கூடிய சுரங்கங்கள் உலகில் இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஆற்றுக்கடியில் 1933இல் கட்டிய 572 மீட்டர் நீளச் சுரங்கம் இருக்கிறது. பழைய மரத்தாலான நகரும் படிக்கட்டில் சைக்கிளைப் பிடித்தபடி இறங்கலாம். ஜப்பானில் ஹொன்ஷூ, கியூஷூ தீவுகளுக்கு இடையே கடலுக்கடியில் 780 மீட்டர் நடைச் சுரங்கம்; சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஓட்டக் கூடாது. எல்லாமே பத்து, பதினைந்து நிமிட வழிகள், ஒரே நாட்டுக்குள். இரண்டு நாடுகளுக்கு இடையே என்று வந்தால் கதவு சாத்தித்தான் இருக்கிறது. டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் பாலமும் சுரங்கமும் சேர்ந்த வழியில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் இடையே இப்போது கட்டிவரும் 18 கி.மீ. கடலடிச் சுரங்கத்திலும் சைக்கிள் பாதை கிடையாது.

சரி, சைக்கிளோடு எப்படித்தான் கடப்பது?

இந்தச் சுரங்க ரயிலிலேயே சைக்கிளை ஏற்றிப் போகும் ஏற்பாடு இருந்துவருகிறது. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சைக்கிளை இழுவண்டியில் ஏற்றிக் கட்டுவார்கள், ஓட்டி வந்தவர் வேனில் உட்காருவார், வேன் ரயிலுக்குள் ஏறும். கிளம்பும் முன் நிறுவனத்திடம் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. அது சரிப்படாதவர்களுக்கு டோவரிலிருந்து கலேக்குக் கப்பல். லண்டன், பாரிஸ் நகரங்களுக்கு இடையே 2012இல் குறித்துத் தந்த பசுமைச் சைக்கிள் வழியோ இந்தப் பக்கமே வராது. நியூஹேவனிலிருந்து தியெப் துறைமுகத்துக்குக் கப்பலேறச் சொல்கிறது. அலை, காற்று, கையில் காபி என்று போகலாம். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி.

எந்த வழியில் போனாலும் அக்கரையில் இறங்கியதும் ஒன்றை மறக்க வேண்டாம். பிரான்சில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் சந்திப்பில் கை தானாக இடப்பக்கம் திருப்பும்; அங்கே மட்டும் ஒரு காலைத் தரையில் ஊன்றி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.